பிராந்திய சிம்பொனி இசைக்குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா?

புதுவில்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் வயலின் பிரிவில் ஓர் இடத்துக்கு ஆடிஷன் கொடுத்திருந்தேன், கிடைத்துவிட்டது! பெயர்பெற்ற பெருநகர இசைக்குழு இல்லை. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊர்களுக்குப் பொதுவாக இருக்கும் பிராந்திய சிம்பொனி. மாதச் சம்பளம் கிடையாது. ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்று சர்வீஸ் கணக்கில்தான் பணம். போய்வரும் தூரமும் அதிகம். வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு எடுக்கிறேன், அந்த வருமானத்தையும் விட முடியாது.

அப்பா கேட்கிறார்: "பெர்லின்காரர்களும் வியன்னாக்காரர்களும் வாசித்ததெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. உங்கள் குழுவைக் கேட்க யார் வருவார்கள், எத்தனை நாள் ஓடும்?" அவர் தடுக்கவில்லை, கவலைப்படுகிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்படிப்பட்ட குழுக்களில் வாசிப்பவர்கள், வாசித்தவர்கள் சொல்லுங்கள். சேர்ந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும்? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கடைசிமேசை

வாழ்த்துகள்மா. திரைக்குப் பின்னால் நின்று வாசித்து ஓர் இடத்தை வாங்குவது சாதாரண விஷயம் இல்லை, அதை முதலில் கொண்டாடு.

நான் நிறைய வருஷமாக இப்படித்தான் வாசிக்கிறேன், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழுக்களில். சர்வீஸ் என்பது பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். ஒரு நிகழ்ச்சிக்கு நாலைந்து ஒத்திகை, ஒன்றோ இரண்டோ கச்சேரி, எல்லாம் ஒரே வாரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து பார்ட்டை, அதாவது நம் கருவிக்கான இசைத்தாளை, தயார் செய்யும் நேரத்துக்குக் காசு கிடையாது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஜுவான்' முதல் பக்கம் உனக்கு ஆடிஷனிலேயே பழகியிருக்கும். அந்த மாதிரி பக்கங்கள் ஒரு நிகழ்ச்சியில் இருபது வரும், முதல் ஒத்திகைக்கே அவை கையில் இருக்க வேண்டும். பெரிய குழுக்களுக்கு இருக்கும் அவகாசம் இங்கே இருக்காது.

அப்புறம் சாலை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் ஊருக்குக் காரோட்டிப் போய் வாசிக்கும் கலைஞர்களை 'ஃப்ரீவே பில்ஹார்மோனிக்' என்றே கூப்பிடுவார்கள். நம்மில் பாதிப் பேருடைய பிழைப்பு அதுதான். இது புதிதாக வந்த நிலைமையும் இல்லை. அமெரிக்காவில் பிராந்தியக் குழுக்களின் கலைஞர்கள் ரோப்பா என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தது 1984-இல்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு சர்வீஸுக்கு எவ்வளவு என்பதை. நான் கடைசியாகத்தான் அதைப் பார்ப்பேன். வருஷத்துக்குக் குறைந்தது இத்தனை சர்வீஸ் கட்டாயம் தருவோம் என்று எழுதியிருக்கிறதா, அதுதான் முக்கியம். விலை நன்றாக இருந்து வேலையே வராவிட்டால் என்ன பிரயோஜனம்? அடுத்தது, நிகழ்ச்சியை ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பணம் உண்டா. அப்புறம், இடம் போகாமல் நீ எத்தனை நிகழ்ச்சிக்கு 'முடியாது' என்று சொல்லலாம் என்பது. வேறு குழுக்களில் வாசிக்காமல் உன்னால் வாழ முடியாது, அதனால் அது பெரிய விஷயம். தகுதிகாண் காலம் முடிந்தபின் இடம் நிரந்தரமா, பயணப்படி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்.

மாடிவரிசை

நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். அப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பின்லாந்தில் லாஹ்தி என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. அந்த ஊர் சிம்பொனிக் குழு நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்காவின் கீழ் தங்கள் நாட்டு இசையமைப்பாளர் சிபேலியஸை விடாமல் வாசித்தது. சிபேலியஸ் தன் வயலின் கான்செர்டோவின் முதல் வடிவத்தைத் திருப்தியில்லாமல் ஒதுக்கிவைத்திருந்தார். 1991-இல் குடும்பத்தாரின் அனுமதியோடு அதை ஒலிப்பதிவு செய்தது இந்தச் சின்ன ஊர்க் குழுதான், தனி வயலின் லியோனிடாஸ் கவாகோஸ். உலகம் முழுக்க சிபேலியஸ் ரசிகர்கள் லாஹ்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். 2000-இல் அந்த ஊருக்கு மரத்தாலான அருமையான அரங்கமும் வந்தது. பெர்லின் செய்யாததை லாஹ்தி செய்தது, ஏனென்றால் அந்த இசை அவர்களுடையது, அதற்கு ஒதுக்க அவர்களிடம் பொறுமையும் வருஷங்களும் இருந்தன.

இன்னொன்று. பெரிய குழுவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்று உட்காருவார்கள். பிராந்தியக் குழுவில் 10, 8, 6, 5, 4 இருந்தாலே நல்ல நிலைமை. பெரிய குழுவுக்கென்று எழுதிய மாலரை வாசிக்கும்போது அந்தக் குறை தெரியும், மறைக்க முடியாது. ஆனால் பேத்தோவனும் ஷூபர்ட்டும் ஹைடனும் இந்த அளவில்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்பது என் கட்சி. உள்ளே ஓடும் இரண்டாம் வயலின் கோடு தனியாகக் காதில் விழும். ஒலிப்பதிவில் அதைப் பலமுறை தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. உங்கள் அப்பாவை ஒரு ஹைடனுக்குக் கூட்டி வாருங்கள், முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

கணக்கர்

நான் ஓர் இசைக்குழுவின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். உற்சாகத்தைக் குறைக்க வரவில்லை, ஆனால் 'எத்தனை நாள் ஓடும்' என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேரான பதில் வேண்டும்.

போமல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வர வர ஓர் ஆள் செய்யும் வேலை பெருகும், அதனால் கூலியும் ஏறும். பிராம்ஸ் சிம்பொனியை வாசிக்க அன்றைக்குத் தேவைப்பட்ட அதே ஆட்கள், அதே நேரம்தான் இன்றைக்கும் தேவை. ஆனால் அந்த ஆட்களும் மற்றவர்களைப் போலத்தான் வாடகை கட்ட வேண்டும். ஆகவே செலவு வருமானத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். நிர்வாகம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இது மாறாது. டிக்கெட் விற்று வருவது பெரும்பாலான குழுக்களுக்குச் செலவில் பாதிகூட இல்லை. மீதி நன்கொடை, அரசு, அறக்கட்டளை.

அந்த மீதியை நம்பவும் முடியாது. பர்மிங்ஹாம் நகர சிம்பொனி 1920-இல் நகராட்சிப் பணத்தோடு தொடங்கியது. நடத்துநர் சைமன் ராட்டில் இருபத்தைந்து வயதில் அங்கே வந்துதான் உலகப் புகழ் பெற்றார். அந்தக் குழுவுக்கே நகராட்சி 2024-இல் நிதியைப் பாதியாகக் குறைத்து, அடுத்த ஆண்டு சுத்தமாக நிறுத்துவதாக முடிவெடுத்தது. நகராட்சியே திவாலான நிலையில் இருந்தது, வேறு வழியில்லை. அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தாங்கிக்கொள்வார்கள். பெயரில்லாத குழுவுக்கு?

சேருவதற்கு முன்னால் அவர்களுடைய ஆண்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வைப்புநிதி எவ்வளவு, பற்றாக்குறை எத்தனை வருஷமாகத் தொடர்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் கணக்குச் சம்பளத்தைப் பலர் குறை சொல்வார்கள். சின்னக் குழு மூச்சு விட வேண்டுமென்றால் அதைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது என்பது என் எண்ணம்.

இரட்டைநாணல்

கணக்கர் சார், முதல் பாதி முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கடைசி வரியை மட்டும் விட முடியாது.

நான் வாசிப்பது ஓபோ, நாணல் வைத்து ஊதும் மரக்கருவி. சர்வீஸ் கணக்கு என்றால் நடைமுறையில் என்ன? அதிகப் பணம் தரும் வேலை வேறெங்காவது வந்தால் ஆட்கள் அங்கே போவார்கள், போகத்தான் வேண்டும். அன்றைக்கு அந்த நாற்காலியில் பதிலி ஒருவர் உட்காருவார். தந்திப் பிரிவில் இதை ஓரளவு சமாளிக்கலாம். மர ஊதுகருவிகளில் முடியாது. சத்தம் கூடும்போது ஃப்ளூட்டின் சுருதி ஏறும், கிளாரினெட்டின் சுருதி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் உச்சத்துக்குப் போகும்போது எவ்வளவு ஏறுவார், மூச்சு எங்கே எடுப்பார், மெலிந்து முடிக்கும்போது எதை முதலில் விடுவார் என்று தெரிந்தால்தான் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் அடுக்கு) சேரும். அதைத் தெரிந்துகொள்ளப் பல சீசன் ஆகும். வாராவாரம் ஆள் மாறினால், ஒவ்வொருவரும் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தக் கார்டு சேராது.

இதற்கு மேல் நாணல் வேறு. ஓபோ நாணலை நாங்களே செதுக்கிக்கொள்கிறோம். கரும்பு மாதிரி வளரும் ஒரு நாணல் தட்டையைப் பிளந்து, குழாயில் நூலால் கட்டி, கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிராந்தியக் குழுவில் இன்றைக்குப் பள்ளிக்கூட அரங்கம், நாளைக்குத் தேவாலயம், அடுத்த நாள் வேறோர் ஊரில் தியேட்டர். ஈரப்பதம் மாறினால் நேற்றுப் பேசிய நாணல் இன்றைக்கு வாயை மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அரங்கில் ஒத்திகை இடைவேளையில் கத்தியும் கையுமாக நுனியைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் சுருதிக்கு நான்தான் சுரம் கொடுக்க வேண்டும், அது ஆடக்கூடாது. இவ்வளவையும் செய்கிறவருக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாமல் இருப்பது சரியில்லை.

'வேறு ஏற்பாடு கிடையாது' என்கிறீர்கள். நியூ ஆர்லியன்ஸில் பழைய குழு மூடியபோது கலைஞர்களே சேர்ந்து 1991-இல் லூசியானா பில்ஹார்மோனிக்கைத் தொடங்கினார்கள். நிர்வாகமும் அவர்களிடமே. இன்றுவரை ஓடுகிறது. சிரக்யூஸ் சிம்பொனி 2011-இல் திவாலான பிறகும் அங்கிருந்த கலைஞர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சிம்ஃபோரியா என்ற பெயரில் மறுபடி எழுந்தார்கள்.

கணக்கர்

இரண்டும் நல்ல உதாரணம்தான், மதிக்கிறேன். ஆனால் அந்தக் கலைஞர்கள் மேடையில் வாசித்ததோடு நன்கொடையாளர்களைத் தேடி அலைந்தார்கள், அலுவலக வேலையும் பார்த்தார்கள். கூட்டுறவு என்றால் பற்றாக்குறை மறைந்துவிடாது, அதை யார் சுமப்பது என்பதுதான் மாறும். இதைப் புதுவில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம்ட்ராம்போன்

நானும் இரட்டைநாணல் பக்கம். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் ட்ராம்போன்கள் மூன்று பகுதிகள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும். நாலாவது பகுதியில்தான் நுழைவு, அதுவும் ஒரு கோரல், துதிப்பாடல் மாதிரி மெதுவான இடம். முதல் ட்ராம்போனுக்கு உயரமான சுரம், மென்மையாகத் தொட வேண்டும். அரை மணி நேரம் உதடு குளிர்ந்து போயிருக்கும். எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அரங்கில் மூன்று பேரும் ஒரே மூச்சாக எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களோடு அதை வாசித்திருக்கிறேன், வாசலில் கைகுலுக்கிய பதிலிகளோடும் வாசித்திருக்கிறேன். முதல் சுரம் கிளம்பும் விதமே வேறு.

சர்வீஸ் கணக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் சிம்பலுக்கு மொத்தமே ஒரு தட்டல், கடைசிப் பகுதியில். அந்தக் கலைஞருக்கும் முழு சர்வீஸ் பணம்தான். அது சரியானது. அந்த ஒரு தட்டலுக்காக அவர் எல்லா ஒத்திகைக்கும் வந்து, எண்ணிக்கொண்டே இருக்கிறார். எண்ணுவதும் வேலைதான்.

ரைன்கரை

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், வியோலா. இங்கே நிலைமை வேறு என்பதால் ஒப்பிட உதவும்.

சிறு நகரங்களில்கூட இசைக்குழு அரசுப் பணத்தில் நடக்கிறது. மாதச் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. கூட்டு ஒப்பந்தத்தில் குழுவின் அளவைப் பார்த்து ஏ, பி என்று வகுப்பு பிரித்து, அதன்படி சம்பளம். ஆடிஷனில் தேர்வானதும் ஒரு வருஷம் சோதனைக் காலம். அது முடியும்போது உங்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சக கலைஞர்களே ஓட்டுப் போடுவார்கள். நன்றாக வாசித்தும் ஓட்டில் தோற்றவர்கள் உண்டு, பிரிவின் ஒலியோடு சேரவில்லை என்பார்கள். கடுமைதான். ஆனால் ஜெயித்துவிட்டால் அங்கேயே ஓய்வு பெறலாம்.

இங்கேயும் எல்லாம் நிலையாக இல்லை. 1992-இல் 168 ஆக இருந்த அரசு நிதிக் குழுக்கள் இப்போது 130 அளவில் நிற்கின்றன. கிழக்குப் பகுதியில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் குழுக்களை இணைத்துவிட்டார்கள்.

புதுவில், காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சின்ன மேடையில் வியோலாவுக்கும் இரண்டாம் வயலினுக்கும் பின்னால் நேராகப் பித்தளைக் கருவிகள் வந்துவிடும். லண்டன் ராயல் ஆபெரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையில் காது கெட்டுப்போன வியோலா கலைஞர் ஒருவர் வழக்குப் போட்டார். 2018-இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கலை என்பதால் சத்தத்துக்கு விதிவிலக்கு இல்லை, தொழிற்சாலைக்குள்ள 85 டெசிபல் வரம்பு இங்கேயும் பொருந்தும் என்பதுதான் அதன் சாரம். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யும் காதடைப்பு கிடைக்கிறது, எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். காதை அளவெடுத்துச் செய்துகொள். முதல் மாதம் பிடிக்காது, அப்புறம் பழகிவிடும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதே.

புதுவில்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, ரொம்ப நன்றி. லாஹ்தி பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹைடனுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பயணப்படி இருக்கிறது, தகுதிகாண் காலம் இரண்டு சீசன், அதற்குப் பின் இடம் நிரந்தரம். ஆனால் குறைந்தபட்ச சர்வீஸ் எண்ணிக்கை எங்கேயும் இல்லை. 'தேவைக்கேற்ப அழைக்கப்படுவார்' என்று மட்டும் இருக்கிறது. இதைக் கேட்டால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரே ஸ்டாண்டை (இசைத்தாள் வைக்கும் தாங்கி) பகிர்ந்து பக்கத்தில் உட்காருபவரோடு எப்படி நடந்துகொள்வது? நான் இதுவரை மாணவர் குழுக்களில்தான் வாசித்திருக்கிறேன்.

கணக்கர்

பயப்படாமல் கேளுங்கள். ஆடிஷன் நடத்தி ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவுக்கு ஆகும் செலவும் சிரமமும் எனக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

என் கருத்தில் ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் மாதச் சம்பளம் கொடுக்கச் சின்னக் குழுவால் முடியாது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கையை எழுதிக்கொடுப்பதால் குழு முழுகிவிடாது. சீசன் அட்டவணை முன்கூட்டியே தெரியும், அதில் இரண்டாம் வயலின் இல்லாத நிகழ்ச்சி எத்தனை இருக்கப்போகிறது? அந்த உறுதியைக் கொடுக்கத் தயங்கும் நிர்வாகம் அடுத்த சீசன் நடக்குமா என்பதிலேயே சந்தேகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளவாவது கேளுங்கள்.

இரட்டைநாணல்

இதை நீங்கள் சொன்னதற்கு நன்றி, சார். சான் அன்டோனியோவில் 72 முழுநேர இடங்களை 42 ஆகக் குறைத்து, மீதியில் பெரும்பாலானவற்றைப் பகுதிநேரமாக்கப் பார்த்தார்கள். கலைஞர்கள் 2021-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 ஜூனில் நிர்வாகக் குழு சிம்பொனியையே கலைத்துவிட்டது. 1939-இலிருந்து இருந்த குழு. இரண்டு பக்கமும் தோற்ற கதை அது. எண்ணிக்கையை வெட்டினால் காசு மிஞ்சும் என்ற கணக்கு அதோடு என் மனசில் செத்துவிட்டது.

கடைசிமேசை

கணக்கர் சொன்ன மாதிரியே கேள். சண்டை மாதிரி வேண்டாம். 'மற்றக் குழுக்களின் தேதிகளோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்த சீசனில் குறைந்தபட்சம் எத்தனை சர்வீஸ் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா' என்று எழுது. போனில் பேசாதே, எழுத்தில் கேள், எழுத்தில் வாங்கு. ஒரு குழுவில் வாய்வார்த்தையை நம்பி வசந்தகாலம் முழுக்கத் தேதி ஒதுக்கி வைத்திருந்தேன், பாதி நிகழ்ச்சி வரவில்லை. காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

ஸ்டாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பார்வையாளர் பக்கம் உட்காருபவர் வெளி ஆள், மற்றவர் உள் ஆள். பக்கம் திருப்புவது உள் ஆளின் வேலை. புதிதாக வருபவருக்கு அந்த இடம்தான் கிடைக்கும். பக்கத்தின் கடைசி இரண்டு பாரில் (தாள அளவில்) வில்லை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் வாசித்து முடிப்பதற்குள் சத்தமில்லாமல் திருப்பு. சீக்கிரம் திருப்பினாலும் தப்பு, தாமதித்தாலும் தப்பு. முதல் ஒத்திகையிலேயே 'எப்போது திருப்பட்டும்' என்று கேட்டுவிடு, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் வெளி ஆள் மேலே, உள் ஆள் கீழே. நீ விரல் குறி போட வேண்டுமென்றால் சுரத்துக்குக் கீழே சின்னதாகப் போடு, மேலே அவர் இடம்.

பென்சில் உன்னுடையதாக இருக்கட்டும், மென்மையான முனை. பேனா கூடாது. பல பார்ட்டுகள் பதிப்பகத்திலிருந்து வாடகைக்கு வந்தவை, நூலகர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்ற வில் குறி, பிரிவின் முன்மேசையிலிருந்து வரும். இரண்டாம் வயலின் முதல்வர் முடிவு செய்வது, நூலகர் வழியாகப் பின்னால் வரும். உனக்கு வேறு வில் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் நடுவில் கை தூக்காதே. இடைவேளையில் உன் ஸ்டாண்ட் தோழரிடம் சொல், அவர் முன்னால் சொல்வார்.

புதுவில்

அக்கா, நீங்கள் சொன்ன வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது. குறைந்தபட்ச எண்ணிக்கையோடு திருத்திய பக்கம் இணைத்திருக்கிறார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். வகுப்புகளை வார நாள் காலைக்கு மாற்றச் சில பெற்றோர் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நிகழ்ச்சிக்கான பார்ட்டுகள் இன்னும் வரவில்லை. பொதுவில் கிடைக்கும் பிரதியை இறக்கி இப்போதே விரல் போட ஆரம்பிக்கலாமா?

கடைசிமேசை

ரொம்ப சந்தோஷம்! தாராளமாக ஆரம்பி. ஆனால் எந்தப் பதிப்பு வாசிக்கப்போகிறோம் என்று நூலகரிடம் முதலில் கேள். பதிப்புக்குப் பதிப்பு ஒத்திகையில் இடத்தைக் காட்டும் எழுத்துகளும் பார் எண்களும் மாறும். நடத்துநர் எண்ணைச் சொல்லி ஆரம்பிக்கும்போது நீ தேடிக்கொண்டிருப்பாய். விரல் போடு, வில்லை மட்டும் மனசில் நிறுத்திக்கொள்ளாதே, முன்மேசை குறி வந்ததும் மாற்றிப் பழகு. வேகமான இடங்களை மெட்ரோனோம் வைத்து, சொல்லும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலேயே பழகு. முதல் ஒத்திகையில் எல்லாம் நினைத்ததைவிட வேகமாக ஓடத்தான் செய்யும்.